140 சிஸ்டத்துக்கும் பைக்கில் போகாமல் இன்ஸ்டால் செய்வது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறீர்கள். அவினாசி ரோட்டில் ஒன்று, பல்லடத்தில் ஒன்று, பெருந்துறையில் ஒன்று என மூன்று யூனிட். எல்லாம் சேர்த்து 140 சிஸ்டம், ஆள் நீங்கள் ஒருவர். கம்பெனிக் கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாம் ஓடும் ஈஆர்பி சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் புது வெர்ஷன் வருகிறது. பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் சுற்றி முடிப்பதற்குள் அடுத்த வெர்ஷன் வந்து நிற்கிறது. "உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றிலும் ஏற்ற எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, உங்களுக்கு வேண்டியது இரண்டு. எதிரே ஆள் உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அழுத்தாமல் இன்ஸ்டால் தானாக ஓடி முடிய வேண்டும். சாயங்காலம் முதலாளி கேட்டால், "140-ல் 131 முடிந்தது, பாக்கி ஒன்பது இன்னின்ன சிஸ்டம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். எதை வாங்குவது என்பது இதற்கெல்லாம் பிறகு வருகிற கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் தொடங்கி, ஒரு ஸ்பின்னிங் மில், அப்புறம் உங்களைப் போலவே ஓர் ஏற்றுமதிக் கம்பெனி எனப் பதினெட்டு வருஷமாக இதே பிழைப்புதான். முழுக்க விண்டோஸ், கொஞ்சம் லினக்ஸ். உங்கள் டிசைன் ரூமில் மேக் சிஸ்டம் இருந்தால் அதற்கு வேறு யாரையாவது கேளுங்கள், அதில் எனக்குக் கைப்பழக்கம் கிடையாது.

முதலில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது. எந்த செட்டப் ஃபைலாக இருந்தாலும், அது கேள்வி கேட்காமல் ஓடுமா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். எம்எஸ்ஐ, அதாவது விண்டோஸ் இன்ஸ்டாலரின் சொந்த வகை ஃபைல் என்றால் பிரச்சினை குறைவு. ஸ்லாஷ் க்யூஎன் என்று ஒரு சுவிட்ச் (கட்டளையின் கடைசியில் எழுதும் குறி) சேர்த்தால் திரையில் எதுவும் காட்டாமல் வேலையை முடித்துவிடும். எக்ஸி என்றால் அதை எதில் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. இன்னோ செட்டப் என்றால் ஸ்லாஷ் வெரிசைலன்ட். என்எஸ்ஐஎஸ் என்றால் ஸ்லாஷ் எஸ், அந்த எஸ் கேப்பிடலாக இருக்க வேண்டும். சின்ன எஸ் போட்டுவிட்டு "வேலை செய்யலைங்க" என்று எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. சில கம்பெனிகள் தாங்களே எழுதிய செட்டப்பைக் கொடுக்கும், அதில் எந்த சுவிட்ச்சும் இருக்காது. அந்த மாதிரி இருந்தால் விற்றவரிடம் "சைலன்ட் இன்ஸ்டால் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கொடுப்பதற்கு முந்தின வாரம் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

இதைச் சோதிக்கும்போது ஒரு தப்பு எல்லோரும் செய்வார்கள், நானும் செய்தேன். நம் சிஸ்டத்தில் நாமே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, சரி என்று முடிவு கட்டிவிடுவோம். தூரத்திலிருந்து அனுப்பும்போது அது நம் பெயரில் ஓடாது, பெரும்பாலும் 'சிஸ்டம்' என்று பெயருள்ள, விண்டோஸின் சொந்த அக்கவுண்டில் ஓடும். விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து அந்த மாதிரி பின்னணியில் ஓடுவதெல்லாம் செஷன் ஜீரோ என்ற தனி அறையில்தான். அங்கே ஒரு பெட்டி திறந்து 'ஓகே' கேட்டால் உலகத்தில் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. கல்லூரி லேபில் 60 சிஸ்டத்துக்கு ஒரு கேட் (வரைபடம் போடும்) சாஃப்ட்வேரை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் எல்லாத் திரையும் அமைதி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செட்டப் உட்கார்ந்திருக்கிறது, சிபியு ஜீரோ சதவீதம். இரண்டு மணி நேரம் அப்படியே. உள்ளே ஒரு டிரைவர் கையெழுத்து இல்லை என்ற எச்சரிக்கைப் பெட்டி, அறுபது சிஸ்டத்திலும் யாராவது 'சரி' சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றிலிருந்து வேறு சிஸ்டத்தில் கட்டளை ஓட்ட உதவும் பிஎஸ்எக்ஸெக் கருவியில் ஹைபன் எஸ் போட்டு, அதே சிஸ்டம் அக்கவுண்டிலேயே ஒரு சிஸ்டத்தில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

அடுத்து, உங்கள் 140 சிஸ்டமும் ஒரே சர்வரின் கட்டுப்பாட்டில், அதாவது டொமைனில் இருக்கிறதா, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும் வெறும் வொர்க்குரூப்பா என்று நீங்கள் எழுதவில்லை. பதிலில் பாதி அதைப் பொறுத்தது. டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால், விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசி வழியாக எம்எஸ்ஐ அனுப்பும் வசதி சும்மா கிடக்கிறது, தனியாகக் காசு வேண்டாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனித்தனி அட்மின் பாஸ்வேர்டு, தனித்தனிச் சண்டை. வொர்க்குரூப்பில் லோக்கல் அட்மின் பெயரில் நெட்வொர்க் வழியாக நுழைந்தாலும் விண்டோஸ் முழு அதிகாரம் கொடுக்காது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 'ஆக்சஸ் டினைடு' வருவது அதனால்தான். அதைத் தளர்த்த, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வழி உண்டு, ஆனால் 140 சிஸ்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, நம்ம ஊரில் அவசரத்துக்குக் கடையில் வாங்கிய லேப்டாப் எல்லாம் விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கும். ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. முதல் வேலையாக எத்தனை ஹோம், எத்தனை ப்ரோ என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை தெரியாமல் யார் விலைப்பட்டியல் கொடுத்தாலும் வாங்கி ஓரமாக வையுங்கள்.

சரி, டொமைன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் கையிலிருந்து தள்ளுவது ஒரு வழி. சிஸ்டம் தானே வந்து எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. தள்ளுவதில் உடனே பலன் தெரியும், அதனால் எல்லோருக்கும் அது பிடிக்கும். ஆனால் தள்ளுகிற நேரத்தில் அந்த சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சாயங்காலம் போகும்போது யூபிஎஸ்ஸை அணைத்து, பிளக் பாயிண்டையும் அணைத்துவிட்டுப் போவது நம்ம பக்கத்துப் பழக்கம். மின்வெட்டு பார்த்த ஊர், தப்பும் சொல்ல முடியாது. வேக்-ஆன்-லேன் என்று ஒன்று இருக்கிறது, தூங்கும் சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாக எழுப்பலாம். ஆனால் பிளக்கில் கரண்ட் இல்லையென்றால் அதை எந்தச் சேவலாலும் எழுப்ப முடியாது. அதனால் உங்கள் இடத்துக்குத் தானே வந்து எடுக்கும் முறைதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். காலையில் ஆன் செய்ததும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஓடி, சர்வரில் இருக்கும் வெர்ஷன் நம்பரையும் தன்னிடம் இருப்பதையும் ஒப்பிட்டு, பழசாக இருந்தால் ஏற்றிக்கொள்ளும்.

இங்கே மூன்று பள்ளம் இருக்கிறது, மூன்றிலும் விழுந்து எழுந்தவன் நான். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்டுக்கு, சர்வர் ஃபோல்டரை இணைத்து வைத்திருக்கும் உங்கள் இசட் டிரைவ் தெரியாது, அது லாகின் செய்த ஆளுடையது. இரண்டு பின்சாய்வு போட்டு சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். செட்டப் வைத்திருக்கும் ஷேர் ஃபோல்டரில் ஆட்களுக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது, டொமைன் கம்ப்யூட்டர்ஸ் என்ற குழுவுக்கும் படிக்கும் அனுமதி வேண்டும். மூன்றாவது பள்ளம்தான் ஆழம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி. அது இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை, உள்ளே பாதி தூக்கம். மறுநாள் ஆன் செய்தால் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஓடாமலே போகும், பாலிசி வழி இன்ஸ்டாலும் அப்படித்தான். ஆள் "நான் தினமும் ஆஃப் பண்ணித்தானுங்க ஆன் பண்றேன்" என்பார், அவர் சொல்வது உண்மை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக எழும். அந்த வசதியை எல்லா சிஸ்டத்திலும் அணைத்துவிடுங்கள். கூடவே, நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் பாலிசியையும் போடுங்கள்.

பெருந்துறை யூனிட் லைனைப் பற்றி எழுதியிருந்தீர்கள், 20 எம்பிபிஎஸ் என்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள். செட்டப் 700 எம்பி, அங்கே 35 சிஸ்டம். ஒவ்வொன்றும் திருப்பூர் சர்வரிலிருந்து தனித்தனியாக எடுத்தால் 24,500 எம்பி. லைனை வேறு யாருமே தொடாவிட்டாலும் இரண்டே முக்கால் மணி நேரம். நான் இந்தக் கணக்கைப் போடாமல் ஒருநாள் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். பத்தரைக்கு டிஸ்பாட்சிலிருந்து போன். லோடு ஏற்றின லாரி கேட்டில் நிற்கிறது, ஈ-வே பில் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருக்க, நான் இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு சிஸ்டமாக இன்ஸ்டாலை நிறுத்திக்கொண்டிருந்தேன். சிம்பிளான வழி அங்கேயே இருந்தது. உங்கள் பெருந்துறை யூனிட்டில் ஒரு பழைய சிஸ்டத்தை ஷேருக்கென்று ஒதுக்கி, ராத்திரி ஒரே ஒரு தடவை 700 எம்பியை அங்கே காப்பி செய்தால் ஐந்து நிமிஷம் கூட ஆகாது. மற்ற 34-ம் உள்ளூர் நெட்வொர்க்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ராத்திரியில் அந்த ஒரு சிஸ்டத்தை மட்டும் யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சுவிட்ச் மேல் டேப் ஒட்டினால் கேட்பார்கள்.

இப்போது கணக்கு எடுப்பது. என்னைக் கேட்டால் வேலையில் முக்கால்வாசி இதுதான். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒவ்வொரு தடவையும் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் முடிந்தது. 3010 என்றாலும் முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. இதைத் தோல்வி என்று எண்ணித் திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்கள் அதிகம். 1618 என்றால் அந்த நேரத்தில் வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருந்தது, அரை மணி கழித்து முயன்றால் சரியாகும். 1603 வந்தால் தலைவலி, 'என்னமோ தப்பு' என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. லாக் ஃபைலைத் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள், காரணம் பெரும்பாலும் அந்த வரிக்குச் சற்று மேலே இருக்கும். ஸ்கிரிப்ட்டில் கடைசி வரியாக, சிஸ்டம் பெயர், தேதி, நேரம், இந்த எண் ஆகியவற்றை, செட்டப் ஃபோல்டர் அல்லாத தனி ஷேர் ஃபோல்டரில் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஃபைலில் எல்லாவற்றையும் எழுதவிடாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு 140-ம் சேர்ந்து எழுத வந்தால் ஒன்றை ஒன்று தள்ளும், பாதி வரி காணாமல் போகும். சிஸ்டத்துக்கு ஒரு ஃபைல், பெயர் அந்த சிஸ்டத்தின் பெயர். ஃபோல்டரில் எத்தனை ஃபைல் என்று எண்ணினாலே பாதி ரிப்போர்ட் முடிந்தது. இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்று பார்க்க டபிள்யூஎம்ஐ (சிஸ்டத்தைத் தூரத்திலிருந்து கேட்கவும் இயக்கவும் விண்டோஸில் உள்ள வசதி) மூலம் வின்32 ப்ராடக்ட் என்று கேட்கும் வழியைப் பல இடங்களில் சொல்லிக் கொடுப்பார்கள், அதைத் தொடாதீர்கள். பார்க்கத்தான் போகிறோம் என்று நினைப்போம், அது இருக்கிற ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் தட்டி எழுப்பிச் சரிபார்க்கத் தொடங்கிவிடும். ரெஜிஸ்ட்ரியில் அன்இன்ஸ்டால் கீயைப் பாருங்கள். 32 பிட் சாஃப்ட்வேர் என்றால் அதற்குத் தனி இடம், அதையும் சேர்த்து.

தமிழ் ஃபாண்ட் பற்றியும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள், சம்பளச் சீட்டு சில சிஸ்டத்தில் கட்டம் கட்டமாக வருகிறது என்று. ஃபாண்ட் ஃபைலை விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் காப்பி செய்தால் மட்டும் போதாது, ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயரும் பதிய வேண்டும். கையால் இழுத்துப் போடும்போது விண்டோஸ் இரண்டையும் செய்துவிடும், ஸ்கிரிப்ட் காப்பி மட்டும் செய்யும். அதேபோல் சில சாஃப்ட்வேர் 'இந்த ஆளுக்கு மட்டும்' என்ற வகையில் ஏறும். அதை சிஸ்டம் அக்கவுண்டில் ஓட்டினால் அந்த அக்கவுண்டின் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண் 0 வந்திருக்கும், அக்கவுண்ட்ஸ் அம்மாவின் திரையில் ஒன்றும் இருக்காது. பாமினி மாதிரி பழைய ஃபாண்டில் அடித்த ஃபைல் என்றால், யூனிகோடு ஃபாண்டை எத்தனை தடவை ஏற்றினாலும் சரியாகாது. அது வேறு நோய்.

அனுப்பத் தயார் என்றால் தேர் வெள்ளோட்டம் விடுகிற மாதிரி விடுங்கள். முதல் நாள் மூன்று சிஸ்டம்: உங்களுடையது, அக்கவுண்ட்ஸில் ஒன்று, இருப்பதிலேயே பழையது ஒன்று. இரண்டு நாள் கழித்து ஒரு டிபார்ட்மெண்ட். அப்புறம்தான் எல்லாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டம் நீலத் திரையில் நின்றன. அந்த அப்டேட்டைப் படிப்படியாக விடாமல் ஒரேயடியாக விட்டிருந்தார்கள். அனுப்பியது தூரத்திலிருந்து, சரிசெய்ய ஏகப்பட்ட இடங்களில் ஒவ்வொரு சிஸ்டத்தின் முன்னாலும் ஆள் போய் சேஃப் மோடில் ஏற்றி ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு 140-தான், ஆனால் ஆள் ஒருவர்தானே.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து 140 சிஸ்டத்தில் எதை வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய சாவி உங்களிடம் வருகிறது. அதே சாவி வேறு கைக்குப் போனால் அவனும் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் ஏற்றுவான். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார வைரஸ் பரவியது நாம் பயன்படுத்தும் அதே வழிகளில்தான்: ஒரு சிஸ்டத்தின் நினைவகத்திலிருந்து அட்மின் பாஸ்வேர்டைத் திருடி, பிஎஸ்எக்ஸெக், டபிள்யூஎம்ஐ வழியாகப் பக்கத்து சிஸ்டங்களுக்குத் தாவியது. அது உள்ளே நுழைந்ததே உக்ரைனில் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக. உங்கள் சரக்கு போகும் கன்டெய்னர்களின் மெர்ஸ்க் கம்பெனி அன்று விழுந்து, பத்து நாளில் 4,000 சர்வரையும் 45,000 சிஸ்டத்தையும் புதிதாக ஏற்ற வேண்டி வந்தது என்று அதன் தலைவரே பிறகு சொன்னார். அதனால் 140-லும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு வைக்காதீர்கள். லாப்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் வசதி ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு போட்டு, தானே மாற்றிக்கொண்டிருக்கும். 2023-லிருந்து விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. ஸ்கிரிப்ட்டுக்குள் பாஸ்வேர்டை எழுதி வைப்பது கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது மாதிரி. செட்டப் வைத்திருக்கும் ஷேர் ஃபோல்டரில் எழுதும் அனுமதி உங்களைத் தவிர யாருக்கும் வேண்டாம். அங்கே ஒரு ஃபைலை மாற்றினால் மறுநாள் காலை 140 சிஸ்டமும் அதை அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும். வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி, போடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை நேராக இன்டர்நெட்டுக்குத் திறக்காதீர்கள்.

இனி, எதை வாங்குவது. டொமைன் இருந்து, எல்லாம் ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் என்றால், குரூப் பாலிசியும் நாற்பது வரி பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டும் போதும், ஒரு ரூபாய் வேண்டாம். பையரைப் பார்க்க லேப்டாப்போடு சுற்றும் மெர்சண்டைசர்கள் இருபது முப்பது பேர் இருந்தால் இன்டர்நெட் வழியாகவே சிஸ்டங்களைப் பராமரிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் இன்ட்யூன் மாதிரி ஒன்று பிரயோஜனப்படும், அது மாத வாடகை மாதிரி. டபிள்யூசஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட்டுக்குத்தான், உங்கள் ஈஆர்பியை அது ஏற்றாது, 2024-லேயே இனி அதை வளர்க்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். லினக்ஸ் சிஸ்டம் நாலு இருக்கிறது என்றால் அன்சிபிள் என்ற கருவி, லினக்ஸில் தூரத்திலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வழியாகப் போகும், அரை நாளில் பழகலாம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் ஈஆர்பியைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று, அதற்கு இன்ஸ்டாலே வேண்டுமா என்பது. நான் பார்த்த பல உள்ளூர் ஈஆர்பிகளில் முதல் தடவைதான் இன்ஸ்டால். அப்புறம் மாதாமாதம் மாறுவது ஒரு எக்ஸியும் அதற்குத் துணையான நாலு டிஎல்எல் ஃபைலும் மட்டும். பழைய ஃபோல்டரையும் புதிய ஃபோல்டரையும் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பாருங்கள். அப்படித்தான் என்றால், ஃபோல்டரைக் காப்பி செய்யும் விண்டோஸ் கட்டளையான ரோபோகாப்பியில் ஒரு வரியில் முடிந்த கதை. இன்னொன்று, புது வெர்ஷனுக்கு டேட்டாபேஸையும் மாற்றுகிறார்களா, மாற்றினால் பழைய வெர்ஷன் சிஸ்டம் அதோடு பேசுமா என்பது. பேசாது என்றால் நான் மேலே சொன்ன வெள்ளோட்டம் அப்படியே நடக்காது. சோதனைக்குத் தனி டேட்டாபேஸ் வைத்து மூன்று சிஸ்டத்தில் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதை விற்றவர்தான் சொல்ல வேண்டும், ஊகிக்க வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஆறேழு சிஸ்டம் கடைசிவரை வராது. எனக்கு எப்போதும் வராதது கட்டிங் செக்‌ஷன் சிஸ்டம்தான். ஒரு தடவை பொறுக்க முடியாமல் நேரில் போய்த் திறந்தால், ஃபேன் இறக்கையே தெரியாத அளவுக்குப் பஞ்சு. சூடேறி இன்ஸ்டால் பாதியில் அணைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆக பைக்கை விற்றுவிடாதீர்கள். போகும்போது பென் டிரைவோடு ஒரு புளோயரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.